ஊட்டச்சத்துத் துறையில் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

(சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபத்தில் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில், மருத்துவமனை உணவியல் நிபுணராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "மருத்துவம், சட்டம், கணினி எல்லாவற்றுக்கும் பேச்சாளர் கிடைத்துவிட்டார்கள் அம்மா, சாப்பாட்டைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை" என்றார். அன்னதான மணம் மூக்கைத் துளைக்கும் இந்த மண்டபத்தில், சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆளில்லை என்பது வேடிக்கைதான். ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. என் பணிக்காலத்தில், தமிழில் நோயாளியிடம் பேசக்கூடிய உணவியல் நிபுணர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் ஏன் இந்தப் படிப்புக்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். 1974ஆம் ஆண்டு அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஒரு தாளைக் கையில் கொடுத்து, இதன்படி சாப்பிடுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் நான்தான் படித்துச் சொன்னேன். காலையில் ரொட்டி இரண்டு துண்டு, அவித்த முட்டை ஒன்று. மதியம் ஒரு கிண்ணம் மீ சூப். இரவில் ஆவியில் வேகவைத்த மீன். அப்பாவோ முருக பக்தர், பிறவியிலேயே சைவம். முட்டையைத் தள்ளு, மீனைத் தள்ளு, சூப்பில் எலும்புச் சாறு இருக்கும், அதையும் தள்ளு என்று தள்ளிக்கொண்டே வந்தால் மிஞ்சியது இரண்டு துண்டு ரொட்டிதான். மூன்று நாள் ரொட்டி தின்றார். நான்காம் நாள், "போதும் ஆயி, போகிற உயிர் பசியோடு போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அந்தத் தாளை எழுதியவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் படித்ததை அவர் எழுதினார். எத்தனை இட்லி சாப்பிடலாம், சோற்றை எந்தக் கரண்டியால் அளப்பது, ரசத்துக்கும் சாம்பாருக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இது பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சிலர் நினைக்கலாம். தாள் மாறிவிட்டது, நோய் மாறவில்லை. 2016 ஏப்ரலில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. 2017 தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங் ஒரு கணக்குச் சொன்னார். அறுபது வயதைக் கடந்த சிங்கப்பூரர்களில் பத்துப் பேரில் மூவருக்கு நீரிழிவு, அதே வயது இந்தியர்களில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு. இந்த மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கையைத் தூக்கச் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம்.

ஆகவே இந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எந்தப் பட்டம் என்று தெரியாமல் வரக்கூடாது. இன்று நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் அதுதான்.

எனக்கு மிக நெருங்கிய ஒரு குடும்பத்துப் பெண், கெட்டிக்காரி. ஊட்டச்சத்து அறிவியல் என்ற பெயரைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய் வெளிநாட்டில் மூன்றாண்டுப் பட்டத்தில் சேர்ந்தாள். கையேட்டில் வெள்ளை அங்கி போட்ட பெண் ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் இருந்தது. தந்தையார் வங்கிக் கடன் வாங்கினார், தாயாரின் நகைகளில் பாதி போயிற்று. நல்ல மதிப்பெண்ணோடு திரும்பி வந்து மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் முதல் கேள்வியே, "நோயாளிகளிடம் மேற்பார்வையின்கீழ் எத்தனை வாரம் பயிற்சி பெற்றீர்கள்?" என்பதுதான். அவளுடைய பாடத்திட்டத்தில் ஒரு வாரம்கூட இல்லை. அந்தப் பட்டம் போலிப் பட்டமல்ல, ஆராய்ச்சிக்கும் உணவு நிறுவன வேலைக்கும் ஏற்ற பட்டம். அவள் விரும்பியதோ நோயாளியின் கட்டில் அருகே நிற்கும் வேலை. மறுபடியும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு படித்த பிறகுதான் அவள் ஆசைப்பட்ட இடத்துக்கு வரமுடிந்தது. மீதி நகைகளும் போயின.

உணவியல் நிபுணர் வேறு, ஊட்டச்சத்து ஆலோசகர் வேறு. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் என்று ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அந்த இரண்டும்தான். பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பெயரைச் சட்டம் காக்கிறது, பதிவு பெறாதவர் அப்படிச் சொல்லிக்கொண்டால் குற்றம். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயருக்கு அங்கே அந்தக் காவல் இல்லை. வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும், பத்தாண்டு ஆராய்ச்சி செய்தவரும் ஒரே பெயரைப் போட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இத்துறையினருக்குச் சிங்கப்பூர் ஊட்டச்சத்து, உணவியல் சங்கம் இருக்கிறது, உணவியல் நிபுணர்களுக்கு அங்கீகாரமும் வழங்குகிறது. மருத்துவமனை வேலைதான் இலக்கு என்றால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே அந்தச் சங்கத்துக்கும், நீங்கள் வேலை செய்ய விரும்பும் மருத்துவமனையின் உணவியல் பிரிவுக்கும் எழுதிக் கேளுங்கள்: "இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பட்டத்தோடு வந்தால் என்னை உணவியல் நிபுணராக எடுத்துக்கொள்வீர்களா?" பல்கலைக்கழக முகவரிடம் கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார். அவருக்கு வேறென்ன வேலை!

இந்த வேலையில் என்ன செய்கிறோம் என்று பலருக்குத் தெரிவதில்லை. "மெலிவதற்கு வழி சொல்வீர்களா அக்கா?" என்று திருமண வீடுகளில் கேட்பார்கள். மூச்சுக்குழாய் பொருத்திய நோயாளிக்கு மூக்குவழிக் குழாயில் ஒரு மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் உணவு போகவேண்டும் என்று கணக்கிடுவது எங்கள் வேலை. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடும். நம் வீட்டாரோ உடம்பு குளிர்ச்சியாகட்டும் என்று பாசத்தோடு இளநீரும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வருவார்கள், இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அதை அவர்கள் மனம் நோகாமல் சொல்லி நிறுத்த வேண்டும். காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் சாப்பிடலாம் என்று மாற்று வழியும் காட்ட வேண்டும். கூடாது என்று மட்டும் சொல்லத் தெரிந்தவருக்கு இந்த வேலை வராது.

அளவு கேட்பதே ஒரு கலை. "சோறு எவ்வளவு சாப்பிடுவீங்க அம்மா?" என்றால், "கொஞ்சந்தான் ஆயி" என்பார்கள். மொழிபெயர்ப்பவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார், கோப்பில் கொஞ்சம் என்று ஏறிவிடும். நான் தேக்காவில் வாங்கிய சோற்றுக் கரண்டி ஒன்றைப் பையில் வைத்திருப்பேன். அதை எடுத்துக் காட்டியதும், "இதுல நாலு, அப்புறம் மோருக்கு ரெண்டு" என்று உண்மை வெளியே வரும்.

விரதமும் இப்படித்தான். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் ஒருபொழுது இருப்பவர்கள், தீமிதிக்கு விரதம் காப்பவர்கள், புரட்டாசி முழுவதும் சைவம் கொள்பவர்கள் எனப் பலர் மருத்துவரிடம் இதைச் சொல்வதே இல்லை. சொன்னால் விரதத்தை விடச் சொல்வார் என்ற அச்சம். மூன்று வேளை உண்பவருக்கென எழுதிய மாத்திரையை ஒருவேளை உண்பவர் விழுங்கினால், சில மாத்திரைகளில் இரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். காவடிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மயங்கி விழுந்து வந்த ஓர் ஐயாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விரதம் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கழுத்து மாலையைப் பார்த்து, "எத்தனையாவது நாள் ஐயா?" என்று கேட்டேன். கண் கலங்கிவிட்டார். பிறகு மருத்துவரோடு பேசி, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றி எழுத, எந்த நேரத்தில் பால், எந்த நேரத்தில் பழம் என்று நான் திட்டமிட்டேன். அந்த ஆண்டு அவர் காவடி எடுத்தார். இங்கே மாத்திரை சாப்பிடும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: இதைக் கேட்டுவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி, எங்கே படிப்பது?

நான் படித்த காலத்தில் உள்ளூரில் வழியே கிடையாது. 1976இல் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரிக்குப் போனேன். அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டுத் திரும்பி, கிராமத்துக் குழந்தையின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர். பின்னர் ஆஸ்திரேலியாவில் மருத்துவமனை உணவியலில் மேற்படிப்பு. என் தலைமுறையில் பெரும்பாலோர் ஏதோ ஓர் அயல்நாட்டில்தான் பயின்று வந்தோம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் உணவியல், ஊட்டச்சத்துத் துறையில் நான்காண்டு ஆனர்ஸ் பட்டம் நடத்துகிறது. மருத்துவமனைப் பயிற்சி அதன் உள்ளேயே இருக்கிறது. தொடக்கக் கல்லூரியிலிருந்தும் போகலாம், பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தும் போகலாம். தெமாசிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு, ஊட்டச்சத்து, சமையல் அறிவியல் மூன்றும் சேர்ந்த பட்டயப் படிப்பு இருக்கிறது. பதினாறு வயதில் இந்தத் துறை எனக்குப் பிடிக்குமா என்று தெரியாத பிள்ளைக்கு அது நல்ல சோதனைக் களம். சமையல்கூடமும் ஆய்வுக்கூடமும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். வீட்டுக்கு அருகே, மானியக் கட்டணத்தில், இந்த ஊர் நோயாளிகளிடமே பயிற்சி பெறும் வழி இருக்கும்போது, அதில் இடம் கிடைக்குமா என்று பார்க்காமலே விமானச் சீட்டு எடுப்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

இங்கே இடம் கிடைக்காவிட்டால் ஆஸ்திரேலியா இன்றும் நல்ல வழிதான். அங்கே உணவியல் நிபுணர் சங்கம் எந்தப் படிப்புகளை அங்கீகரித்திருக்கிறது என்று பட்டியலே வெளியிடுகிறது. பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயர் இருக்க வேண்டும். பல இடங்களில் இளநிலைப் பட்டம் வெறும் முதல் படிதான், முதுநிலையில்தான் மருத்துவமனைப் பயிற்சி வருகிறது. அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் முதுநிலைப் பட்டம் இல்லாமல் பதிவுத் தேர்வே எழுதமுடியாது. ஆகவே செலவுக் கணக்குப் போடும்போது மூன்றாண்டுக்கு அல்ல, ஐந்தாண்டுக்குப் போடுங்கள். உள்ளூர்ப் படிப்புக்கு மத்திய சேமநிதியிலிருந்து கடன் பெறும் வழி பெற்றோருக்கு உண்டு, வெளிநாட்டுப் படிப்புக்கு அது கிடையாது.

இந்தியாவுக்குப் போவதைப் பற்றியும் கேட்பீர்கள். அந்நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி மிகப் பழமையானது. 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடத்தில் தொடங்கியதுதான் இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்துக் கழகம். அதன் இயக்குநராக இருந்த டாக்டர் சி. கோபாலன், சேலத்தில் பிறந்தவர், நூறு வயது வாழ்ந்து 2019இல் மறைந்தார். நம் உணவைப் பற்றி அங்கே கற்பதுபோல் வேறெங்கும் கற்கமுடியாது. அந்தப் பட்டத்தோடு இங்கே மருத்துவமனையில் நுழையமுடியுமா என்பதைப் போகும் முன்பே, நான் முன்பு சொன்னபடி, எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிபெரி என்றதும் நினைவுக்கு வருகிறது. "எனக்குச் சமையல் பிடிக்கும், வேதியியல் பிடிக்காது, இந்தப் படிப்பு ஒத்துவருமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒத்துவராது. உயிர்வேதியியல் இல்லாமல் இந்தத் துறையே இல்லை. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. சுரங்கங்களில் தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் விழுந்தார்கள். தோட்டங்களில் நம் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. சாமி காப்பாற்றினார் என்று நம்மவர்கள் சொல்லியிருப்பார்கள், காப்பாற்றியது புழுங்கல் அரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் ஃபிளெட்சர் ஒரு சாராருக்கு வெள்ளை அரிசியும் மறுசாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்களிடையே நோய் பரவியது, புழுங்கல் அரிசிக்காரர்களிடையே அநேகமாக இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்களுக்கு அவிக்கத் தெரியும், ஏன் என்று சொல்ல வேதியியல் வேண்டியிருந்தது.

மருத்துவமனை எல்லாருக்கும் ஒத்துவராது. நோயாளியைப் பார்த்தால் மனம் தளர்ந்துவிடும் பிள்ளைகள் உணவு அறிவியலைப் பார்க்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பட்டப்படிப்பு உண்டு. 2022 டிசம்பர் 30 முதல் சி, டி தரம் பெறும் போத்தல், டின் பானங்களில் நியூட்ரி-கிரேடு முத்திரை கட்டாயமாயிற்று. சி, டி முத்திரையோடு கடையில் நிற்க எந்த நிறுவனத்துக்குத்தான் பிடிக்கும்? 2017இல் 7.1 விழுக்காடாக இருந்த பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2023இல் 4.6 விழுக்காடாக இறங்கியது. ருசி கெடாமல் அதை இறக்கியவர்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் உணவு அறிவியலாளர்கள்தாம். ஒரே முத்திரையால் இலட்சக்கணக்கானோர் குடிக்கும் சர்க்கரை குறைகிறது. நான் முப்பது ஆண்டு கட்டில் கட்டிலாகப் பேசியும் அத்தனை சர்க்கரையைக் குறைத்திருக்கமாட்டேன்!

பொதுச் சுகாதாரத்தில் நாட்டமுள்ள பிள்ளைகள் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையாரைப் பற்றிப் படியுங்கள். 1936இல் சிங்கப்பூருக்கு வந்த அவர், தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்புக் கெட்டிப்பால் கொடுத்த குழந்தைகள் சாவதைப் பார்த்தார். 1939இல் இங்குள்ள ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பது. அவ்வளவு துணிச்சல் பட்டப்படிப்பில் வராது என்றாலும், தாய்மார்கள் எதை வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கும் பயிற்சி வரும்.

நன்கொடையாளப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். உணவியல் படிக்கும் மாணவருக்கு மிகவும் கஷ்டமான காலம் மருத்துவமனைப் பயிற்சிக் காலம்தான். காலை எட்டு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், இரவில் நோயாளிக் குறிப்பு எழுத வேண்டும். அதுவரை பகுதிநேர வேலை பார்த்துக் குடும்பத்துக்குக் கைகொடுத்த பிள்ளையால் அந்த மாதங்களில் ஒரு வெள்ளிகூடச் சம்பாதிக்கமுடியாது. அந்தக் கட்டத்தில் பயிற்சியைத் தள்ளிப்போட்ட ஒரு மாணவனை எனக்குத் தெரியும். அரசாங்க உபகாரச் சம்பளம் இருக்கிறது, ஆனால் அதற்குத் தகுதி மதிப்பெண்ணும் வேண்டும், படித்து முடித்ததும் சில ஆண்டு கட்டாயப் பணியும் உண்டு. முதல் ஆண்டுக் கட்டணத்துக்குத்தான் படிப்புதவி என்று வைத்துக்கொள்ளாமல், பயிற்சி மாதங்களுக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு பிள்ளை என்றாலும் சரி.

கூட்டம் முடிந்ததும் நான் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மேசையில் இருப்பேன். கல்லூரிக் கையேடு வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். சிரிக்கிற பாட்டியின் படம் வேண்டாம், பாடங்களின் பட்டியல் உள்ள பக்கத்தைத் திறந்து வாருங்கள். பயிற்சி எத்தனை வாரம், எந்த மருத்துவமனையில் என்று இருவரும் சேர்ந்தே தேடுவோம். இன்றைய பிரசாதம் சர்க்கரைப் பொங்கல் என்று கேள்விப்பட்டேன். அதில் எவ்வளவு வெல்லம் என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள், நானும் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளத்தான் போகிறேன்.